நாற்காலி வருமுன் வழி

தாயி, பிரதேச செயலகத்தில் உனக்குச் சமூக சேவைப் பிரிவு கிடைத்திருக்கிறது என்று உங்கம்மா சொன்னபோதே ஒன்று தெரிந்துவிட்டது. உன்னை முதலில் அனுப்பப்போவது சக்கர நாற்காலி கொடுக்கிற விழா ஒன்றுக்குத்தான். பாடசாலை மண்டபம், குத்துவிளக்கு, மாலை, மேடையில் பத்துப் பேர், கீழே பிளாஸ்டிக் உறை கிழிக்காத நாற்காலிகள். படம் எடுத்ததும் லொறி கிளம்பிவிடும். அந்த நாற்காலிகள் அப்புறம் எங்கே போகின்றன என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. ரோட்டிலிருந்து தோட்டத்து லயத்துக்கு ஏறுகிற கல்படியின் அடியில், யாருடையதோ ஒரு கடைத் தாழ்வாரத்தில், மழைக்குச் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கும். அதற்கு உரியவர் மேலே இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார். நடுவில் அறுபது படி.

ஆகவே நான் உனக்குச் சொல்ல நினைப்பதில் பெரியது இதுதான்: நாற்காலிக்கு விண்ணப்பம் எழுதும் முன் ஏறிப்போய் அந்தப் படியை எண்ணு. எத்தனை படி, எத்தனை அடி உயரம், மழை பெய்தால் எந்த இடத்தில் வழுக்குகிறது, கைபிடிக்க ஏதாவது இருக்கிறதா, கக்கூஸ் எந்தப் பக்கம், பீலி எவ்வளவு தூரம். உன் அலுவலகப் படிவத்தில் "குறைபாட்டின் வகை" என்று ஒரு கட்டம் இருக்கும். கால், கண், காது என்று அதில் எழுதுவார்கள். படிக்கு அங்கே கட்டம் இல்லை. நீயே பக்கத்தில் எழுதிக்கொள். புசல்லாவையில் கால் விளங்காத ஒருவரும் கொழும்பில் கால் விளங்காத ஒருவரும் ஒரே மாதிரி முடங்கியவர்கள் அல்லர். அங்கே அவர் லிஃப்டில் இறங்கி வேலைக்குப் போகலாம். இங்கே அவர் தீபாவளிக்குக் கோயிலுக்குப் போகக்கூட இரண்டு ஆண்பிள்ளைகளின் தோள் வேண்டும்.

நம் மலையைப் பார். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதையில் நம் புசல்லாவை. சுற்றிலும் டெல்டா, சோகம, மெல்போர்ட், எல்பொட என்று தோட்டங்கள். ரொத்சைல்ட் தோட்டத்தை வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841ல் கோப்பிக்காகத் திறந்தார்கள். சீனத் தேயிலைக் கன்றை முதலில் நட்டுப் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. அந்தக் காலத்திலிருந்து பாதை போட்ட விதத்தைக் கவனித்துப் பார், ஒரு கணக்கு தெரியும். துரை பங்களாவுக்குக் கார் போகும். ஸ்டோருக்கு லொறி போகும். கொழுந்து மடுவத்துக்கும் வண்டி வரும். லயத்துக்கு மட்டும் கால்தடம். கொழுந்துக்குக் கொடுத்த பாதையைக் கொழுந்து எடுத்தவளுக்குக் கொடுக்கவில்லை. கவ்வாத்துக் கத்தி முழங்காலில் பட்டவரும், அட்டைக்கடி புண்ணாகிக் காலை இழந்த சர்க்கரை நோயாளியும், பிறவியிலேயே நடக்காத பிள்ளையும் அந்தக் கால்தடத்துக்கு மேல்தான் வாழ்கிறார்கள்.

ஏன் இத்தனை காலமாக அந்தத் தடத்துக்குக் கொங்கிரீட் போடவில்லை என்று கேள். "பணம் இல்லை" என்பார்கள். அது பாதிக் காரணம். மீதி, சட்டத்துக்குள் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க அது பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. நாம் வாக்குப் போட்டு அனுப்பிய சபை உறுப்பினரே, "அது தோட்டக் காணி, அங்கே நான் கை வைக்க முடியாது" என்று கையை விரிப்பார். தோட்டத்துக்குப் போனால், "பாதை போடுவது எங்கள் வேலையா?" என்பார்கள். காணி அரசாங்கத்துடையது; 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பெனிகளிடம்; குடியிருப்பவன் யாருக்கும் உரியவன் இல்லை. 2018ல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தோட்டங்களுக்கும் சபை சேவை செய்யலாம் என்று வழி திறந்தார்கள். முப்பது வருஷம், தாயி. அந்த முப்பது வருஷத்தில் படியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதை உனக்குச் சரித்திரப் பாடமாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தப் பழைய சாக்குப்போக்கு வாயில் வரும். வந்தால் "2018ல் திருத்தியாச்சுங்களே" என்று நீ மரியாதையாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் சபை உறுப்பினர், தோட்ட நிர்வாகம், உன் அலுவலகம் மூன்றையும் தனித்தனியே சந்திக்காதே. தனித்தனியே போனால் ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் காட்டுவார்கள். மூன்று பேரையும் ஒரே நாளில் அதே படியடிக்குக் கூட்டிக்கொண்டு வா. மேலே ஏறச் சொல். மூச்சு வாங்கட்டும். கூட்ட அறிக்கையில் பத்துப் பக்கம் எழுதி ஆகாத காரியம் அங்கே ஆகும். கைபிடிக் கம்பி ஒன்று, சாய்வாக இறங்கும் இருபது யார் கொங்கிரீட், கக்கூஸ் வாசலில் உயரம் குறைத்த ஒரு படி: இவற்றுக்கெல்லாம் வெளிநாட்டு உதவி தேவையில்லை.

இந்த நாட்டில் நமக்குச் சட்டமே இல்லை என்று நினைக்காதே. சட்டம் நிறையவே இருக்கிறது. 1996ல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க. அதன் 23ஆம் பிரிவை நீ மனப்பாடம் செய்துகொள். குறைபாட்டைக் காட்டி வேலைக்குச் சேர்க்க மறுக்கக்கூடாது, பாடசாலையில் சேர்க்க மறுக்கக்கூடாது; பொதுமக்கள் போய்வருகிற கட்டடத்துக்கோ இடத்துக்கோ அவர்கள் போய்வரத் தடை வைக்கக்கூடாது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுவோடு போகலாம் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. 2003ல் ஒரு தேசியக் கொள்கை. 2006 ஒக்டோபரில் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன: சாய்தளம் எப்படி இருக்க வேண்டும், கதவு எவ்வளவு அகலம், மலசலகூடம் எப்படி என்று அளவோடு. இருக்கிற பொதுக் கட்டடங்களைத் திருத்த மூன்று வருஷம் தவணை கொடுத்தார்கள். அந்த மூன்று வருஷம் எப்போதோ முடிந்தது. நம் டவுனில் ஒரு சுற்று நடந்து, எத்தனை வாசலில் சாய்தளம் இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள்.

அந்த விதிகளை ஏட்டிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவரப் பாடுபட்ட ஒருவரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனம் படித்தவர், கிரிக்கெட் நடுவர். 1992ல் ரோட்டோரத்து மரமொன்று அவருடைய காரின் மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே இயக்கம் போனது. வெயிலில் நாள் முழுக்க நின்று நடுவர் வேலை பார்த்த மனிதர் அதன் பிறகு சக்கர நாற்காலியில். அவர் என்ன செய்தார் என்றால், தனக்கு உதவி கேட்கவில்லை. கொழும்பில் கட்டடம் கட்டடமாகப் போய் வாசலை அளந்தார். பத்திரிகைக்கு எழுதினார். கடைசியில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார். 2011ல் புதிய பொதுக் கட்டடங்கள் எல்லாம் அந்த விதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020ல் இறக்கும்வரை அவர் விடவில்லை. சிங்களவர், படித்தவர், தலைநகரத்துக்காரர், சட்டத்தரணிகளைத் தெரிந்தவர். அப்படிப்பட்டவருக்கே இத்தனை வருஷம் பிடித்தது என்றால், லயத்தில் இருக்கிற ஒருவருக்கு எத்தனை பிடிக்கும் என்று யோசி. அதனால்தான் உன்னைப் போன்ற பிள்ளை அந்த மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் கவனி. 2006 விதி பொதுக் கட்டடத்துக்கு. வங்கி, தபாற்கந்தோர், ஆஸ்பத்திரி, பாடசாலை, பஸ் நிலையம் எல்லாம் அதற்குள் வரும். லயத்துக்கு ஏறுகிற படி வராது. அதாவது நம் ஆள் வங்கி வாசலில் சாய்தளம் கேட்கச் சட்டம் உண்டு, வங்கி வாசல் வரை வந்து சேரத்தான் சட்டம் இல்லை. இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். வீட்டு வாசலில் ரோடு இருப்பதாக நினைத்து எழுதினார்கள், அவ்வளவுதான். நீ மேலிடத்துக்கு அறிக்கை எழுதும் காலம் வரும். அப்போது இந்த இடைவெளியை எழுது.

என் வலது கையைப் பற்றி நீ சின்ன வயதில் கேட்பாய், நான் ஏதோ கதை சொல்லிச் சமாளிப்பேன். இப்போது சொல்கிறேன். ஸ்டோரில் ரோதை இயந்திரத்தில் போனது, இரண்டு விரலும் பாதி உள்ளங்கையும். அந்த நாளில் எனக்குத் துக்கத்தைவிட அதிகமாக வந்தது ஆச்சரியம். ஏனென்றால், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். என் அப்பன், தாத்தன் எல்லாரும் அந்தச் சட்டம் இருந்த காலத்தில் வேலை செய்தவர்கள்தான். அவர்கள் காலத்தில் விரல் போனால் துரை ஒரு மூட்டை அரிசி கொடுப்பார், வாச்சர் வேலை கொடுப்பார், கும்பிடு போட்டு வாங்கிக்கொள்வார்கள். யூனியன் ஆபீசில் இருந்த கிளாக்கர் ஒருவர்தான் எனக்குச் சொன்னார்: "அரிசியை வாங்கிக்கோங்க, ஆனா கடுதாசியில கையெழுத்துப் போடாதீங்க." அந்த ஒரு வாக்கியத்தால்தான், என் கடுதாசியை நானே எழுத வேண்டும் என்று இடது கையால் எழுதப் பழகினேன். அதற்கப்புறம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வந்தார்கள்.

அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கடிதத்தில் திகதி போடு. பிரதி வை. கொடுத்த இடத்தில் சீல் வாங்கு, அல்லது பதிவுத் தபாலில் அனுப்பு. வாய்ச்சொல்லில் "பார்க்கலாம்" என்றால் வீட்டுக்குத் திரும்பாதே. "அதை எழுதிக் கொடுங்க சேர்" என்று நின்றுகொள். இதெல்லாம் நான் கேட்கிறவன் பக்கத்திலிருந்து கற்றது. நீ இப்போது கொடுக்கிறவள் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். ஆகவே திருப்பிச் செய். உன் மேசைக்கு வருகிறவர் கேட்காமலேயே சீல் வைத்துப் பிரதியைக் கையில் கொடு. இல்லை என்று சொல்வதானால் ஏன் இல்லை என்று எழுத்தில் கொடு, தமிழில் கொடு. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987லேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை மாசக்கணக்கில் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். அதில் என்ன இருந்தது என்று யாராவது வாசித்துச் சொன்னபோது தவணை போயிருந்தது.

லயத்துக்கு இலக்கம் இல்லை என்பதையும் மறக்காதே. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு வரும், அங்கிருந்து யாராவது கையில் லயத்துக்கு வரும். வேலைக்குப் போகாதவருக்குப் பெரட்டும் இல்லை, கடிதமும் இல்லை. மருத்துவச் சபைக்கு வரச்சொல்லி நீ அனுப்பிய கடிதத்துக்கு ஆள் வரவில்லை என்றால், "அக்கறையில்லாத சனம்" என்று உன் அலுவலகத்தில் சொல்வார்கள். நீ அப்படிச் சொல்லாதே. போன் எடு. பக்கத்து வீட்டுப் பெடியன் நம்பர் ஒன்றாவது ஒவ்வொரு கோவையிலும் இருக்கட்டும்.

இன்னும் அடியில் ஒரு சிக்கல் உண்டு. 1948ல் மலையகத் தமிழரான நம்மிடமிருந்து பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964ல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தில் பாதி உறவுகள் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள். மிஞ்சியவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. அந்த அலைச்சல் காலத்தில், நடக்க முடியாத பிள்ளைக்கு, பேச்சு வராத பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு எதற்கு என்று விட்ட வீடுகள் உண்டு. பாடசாலைக்குப் போகப்போவதில்லை, தோட்டத்தில் பேர் பதியப்போவதில்லை, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு நாற்பது, ஐம்பது வயது. அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவருக்குக் கொடுப்பனவு இல்லை. அரசாங்கத்தின் கண்ணில் அவர் பிறக்கவே இல்லை. இப்படி ஒருவரைக் கண்டால் கொடுப்பனவுப் படிவத்தை மூடி வை. உத்தேச வயதுச் சான்றிதழ், காலங்கடந்த பிறப்புப் பதிவு, அப்புறம் அடையாள அட்டை: இந்த வரிசையில் போ. கிராம உத்தியோகத்தரைக் கையோடு கூட்டிக்கொண்டு போ. நாள் பிடிக்கும். அவர் பெயர் முதல்முறையாக அச்சில் வருகிற வேலை அது.

கொடுப்பனவைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்கம்மா சண்டைக்கு வருவாள். அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2024ல் மாசம் 7,500 ரூபா ஆக்கினார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ஆக உயர்த்தினார்கள். நல்லது, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போடு. 2024ல் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, நிர்ணயித்த சம்பளம் 1,350 ரூபா. நடக்காத பிள்ளையைப் பார்க்க ஒரு தாய் வீட்டில் நின்றால் மாசம் இருபத்தைந்து பேரை இழக்கிறாள். பத்தாயிரம் அதில் எட்டு நாளைக்குக்கூடக் காணாது. அதோடு அவளுடைய ஊழியர் சேமலாப நிதியும் நிற்கிறது, நாளைக்கு அவளுக்கு முதுமைக்கு ஒன்றும் இல்லை. அரசாங்கம் குறையுள்ளவரை ஒரு ஆளாக எண்ணுகிறது. நம் லயத்தில் அவர் இரண்டு ஆள்: அவரும், அவரைத் தூக்கி வளர்க்கிற ஒரு பெண்ணும். அந்த இரண்டாவது ஆளுக்கு எந்தப் படிவமும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் நடக்காத பிள்ளையையும் ஏற்றுக்கொண்டு, பார்க்கத் தெரிந்த ஒரு ஆயாவை வைத்தால் அந்தத் தாய் மலைக்குப் போவாள். என் மனசில் இருக்கிற முதல் கோரிக்கை அதுதான். நாற்காலியைவிட அது பெரிது என்பேன்.

2012 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுக்க ஏதோ ஒரு செயற்பாட்டில் சிரமமுள்ளவர்கள் 16,17,924 பேர் என்று எண்ணினார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8.7. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று வை. ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பரா என்றால், காம்பராவுக்கு நாலைந்து பேர் என்றால், அந்த ஒரு லயத்திலேயே நாலு பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உன் அலுவலகப் பதிவேட்டில் அந்த லயத்துக்கு ஒரு பெயர்தான் இருந்தால் மற்ற மூன்று பேர் எங்கே என்று தேடு. கண் மங்கிய கிழவிகள் முதலில் விடுபட்டிருப்பார்கள். வயசானால் அப்படித்தான் என்று வீட்டிலும் விட்டிருப்பார்கள். பலருக்கு வெண்புரை மட்டுமே இருக்கும். சத்திரசிகிச்சை செய்தால் தெளிந்துவிடும். அவர்களுக்குத் தேவை கொடுப்பனவு அல்ல, பேராதனைக்கோ கண்டிக்கோ போய்வர ஒரு ஓட்டோவும் கூடப்போக ஒரு ஆளும்.

வேலை விஷயம். 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றைத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. நீ பிறக்கும் முன்னே வந்த சுற்றறிக்கை. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று நான் விசாரித்ததுண்டு, விசாரித்த இடத்தில் என்னையே திருப்பிக் கேட்டார்கள். இப்போது வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். "உங்கள் நிறுவனத்தில் எத்தனை வெற்றிடம் நிரப்பினீர்கள், அதில் எத்தனை பேர் மாற்றுத்திறனாளிகள்?" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். நீ அரச ஊழியை, உன்னால் கேட்க முடியாமல் போகலாம். சரஸ்வதிப் பாடசாலையில் உயர்தரம் முடித்துவிட்டுச் சந்தியில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு. அவர்கள் கேட்கட்டும்.

காது கேட்காத பிள்ளை என்றால் எனக்கே பதில் தெரியாத கேள்வி. இரத்மலானைப் பாடசாலை 1912லிருந்து இருக்கிறது, தூரம். கைதடியில் நஃபீல்ட் பாடசாலை நம் மொழியில் நடக்கிறது; யாழ்ப்பாணம், இன்னும் தூரம். எட்டு வயதுப் பிள்ளையை விடுதியில் விடத் தாய்க்கு மனசு வராது. விடாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மொழியே வராது. இதில் தாயைத் திட்டாதே. கைதடியில் படித்துவிட்டு வந்தவர்கள் நம் பக்கத்திலும் இருப்பார்கள். அப்படி ஒருவரைத் தேடி அந்தத் தாயோடு உட்காரவை. அலுவலகத் துண்டுப்பிரசுரத்தைவிட அந்த ஒரு மணி நேரம் பேசும்.

செயற்கைக் காலுக்கு ஆள் அனுப்பும்போதும் மலையை மறக்காதே. சப்பாத்துப் போட்டுச் சமதரையில் நடக்கிறவனுக்குச் செய்த கால் நம் ஆளுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. 1968ல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து செய்த காலின் கதை தெரியுமா? வெறுங்காலோடு வயலில் நடக்கிறவன், குந்தி உட்காருகிறவன், மரம் ஏறுகிறவன் எப்படி வாழ்கிறான் என்று பார்த்து அதற்கேற்ப ரப்பரில் செய்தார்கள். கொழும்பில் ஃபிரெண்ட்-இன்-நீட் சங்கம் 1980களிலிருந்து அதைப் பொருத்துகிறது. எந்தக் கால் என்று தீர்மானிக்கும் முன் ஆளிடம் கேட்கச் சொல்: காலையில் எழுந்து எங்கே போவீங்க, எப்படி உட்காருவீங்க, எந்தச் சரிவில் இறங்குவீங்க?

ஆளிடம் கேட்பது என்றேன். நீ வீட்டுக்குப் போனால் அம்மா பேசுவாள், அண்ணன் பேசுவான், பக்கத்து வீட்டு அக்கா பேசுவாள். யாருக்காகப் போனாயோ அவர் மூலையில் பேசாமல் இருப்பார். மற்றவர்களைக் கொஞ்சம் தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேள். ஒருவருக்கு நாற்காலி வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதியிருந்தார்கள் வீட்டார். தனியாகக் கேட்டபோது அவர் சொன்னது: கக்கூசுக்குள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. பெண்பிள்ளைகளிடம் இன்னும் பொறுமையாகக் கேள். கதவு இல்லாத குளிக்கும் இடம் பற்றி ஆண் அதிகாரியிடம் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள்.

நம்மூரில் வாக்குச் சாவடியும் பெரும்பாலும் படி ஏறித்தான் இருக்கும். பார்வை இல்லாதவரும் உடல் முடியாதவரும் தங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கூட அழைத்துப் போய் வாக்களிக்க 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சான்றிதழ் முன்கூட்டியே எடுக்க வேண்டும். தேர்தலுக்கு முதல்நாள் ஓடினால் டாக்டரும் கிடைக்கமாட்டார். இதைத் தேர்தல் அறிவித்த வாரமே லயம் லயமாகச் சொல்லிவிடு. வாக்கு இருக்கிற இடத்துக்குத்தான் கொங்கிரீட் வரும் என்பது நான் இத்தனை வயதில் பார்த்த உண்மை. 2024ல் சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியலில் நாடாளுமன்றம் போனார், பார்வையற்ற முதல் உறுப்பினர். தமிழ்நாட்டில் 2025ல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கச் சட்டம் செய்தார்கள். கிராம ஊராட்சி வரைக்கும் அது இறங்குகிறது. குன்னூரிலிருந்து உன் பெரியதாத்தா மகன் போனில் பெருமையாகச் சொன்னான். நம் பிரதேச சபையில் அப்படி ஒரு நாற்காலி இருந்தால், அந்த நாற்காலிக்கு நான் விளக்கேற்ற வருவேன்.

கடைசியாக ஒரு அவசரமான வேலை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது நம் பக்கம் மலை சரிந்ததை நீ பார்த்தாய். இரவில் எழும்பி ஓடு என்றால் ஓடக்கூடியவன் ஓடினான். ஓட முடியாதவரை யார் தூக்குவது என்று எந்த லயத்திலும் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை; அந்த நேரத்தில் யார் பலசாலியோ அவன் தூக்கினான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது அது போனில் வருகிறது. காது கேட்காதவருக்கு அதை யார் சொல்வது, கண் தெரியாதவர் எந்தப் பாதையில் இறங்குவது என்று எச்சரிக்கையில் இருக்காது. அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தாள்: யார் தானாக இறங்கமாட்டார், அவரைத் தூக்க எந்த இரண்டு பேர், அவர்கள் ஊரில் இல்லாவிட்டால் எந்த இரண்டு பேர், எந்தப் பக்கம் இறங்குவது, மருந்துப் பை எங்கே தொங்குகிறது. ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று தோட்டத் தலைவரிடம், ஒன்று கோயிலில். தங்கவைக்கப் போகிற பாடசாலையையும் போய்ப் பார்; அங்கேயும் கக்கூசுக்குப் படி இருந்தால் இப்போதே பலகை அடிக்கச் சொல்.

வருகிற போயாவுக்கு வரும்போது அந்த 2006 ஒழுங்குவிதிகளின் தமிழ் வர்த்தமானிப் பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு வா. டவுனில் ஓர் இடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் வாசற்படி பற்றித்தான். எந்த விதி, எந்தப் பந்தி என்று எண்ணோடு எழுத வேண்டும். எழுத்துச் சின்னதாக இருந்தால் பெரிதாக்கிப் போட்டோகொப்பி எடு, எனக்கும் இப்போது கண் அவ்வளவாகத் தெரிவதில்லை.